கலப்பு மால்ட்டுக்கு ஷேடு அப்ரூவல்: நொய்யல் கரை மதிப்பீட்டு முறை குறித்து ஓர் ஆய்வு

விஸ்கியைச் சுவைத்து மதிப்பிடும் துறையில் எடின்பரோவுக்கும் கிளாஸ்கோவுக்கும் இருக்கும் மரியாதை திருப்பூருக்கு இல்லை. இது அறிவுலகின் பெருங்குறை. துணியின் கலப்பை எடைபோட்டே சோறு தின்கிற ஊர்கள் உலகில் எத்தனை இருந்துவிடப் போகின்றன? துணியிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் கொளுத்தி, முகர்ந்து பார்த்து "பாலியஸ்டர் கலந்திருக்குதுங்" என்று சொல்லிவிடும் மூக்குகள் காதர்பேட்டையில் தெருவுக்குத் தெரு உண்டு. அதே மூக்கைச் சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பிறகு இன்னொரு கலப்பின் பக்கம் திருப்பினால் என்ன தெரியவரும் என்பதே இங்கு ஆய்வுப் பொருள்.

முதலில் வரையறை. பிரிட்டிஷ் சட்டப்படி 'பிளெண்டட் மால்ட்' என்றால் வெவ்வேறு வடிசாலைகளின் சிங்கிள் மால்ட்டுகளை மட்டும் கலந்தது. முளைகட்டிய பார்லி விஸ்கியைத் தவிர வேறு தானியத்தின் சரக்கு ஒரு சொட்டும் சேரக்கூடாது. எடின்பரோ வியாபாரி ஆண்ட்ரூ அஷர் 1853-இல் மால்ட் விஸ்கிகளைக் கலந்து விற்றதே இதன் முன்னோடி. நெடுங்காலம் 'வேட்டட் மால்ட்' என்று வழங்கியது, 2009-ஆம் ஆண்டு விதிகளில் இப்போதைய பெயருக்கு மாறியது. கையைக் கடிக்காத விலையில் இந்த வகையைப் பரவலாக்கியது 2005-இல் வந்த மங்கி ஷோல்டர். பார்லியை மண்வெட்டியால் புரட்டிப் புரட்டித் தோள் தொங்கிப்போன தொழிலாளிகளின் உபாதைதான் அந்தப் பெயர். ஓவர்லாக் டெய்லரின் இடுப்புவலிக்கு இன்னும் யாரும் பிராண்டு இறக்கவில்லை.

இனி களஆய்வு. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 நவம்பர் முதல் டாஸ்மாக்கின் தனியுரிமை. ஆகவே இங்கே சுவை மதிப்பீடு நாக்கில் தொடங்குவதில்லை, ஜன்னல் கம்பியில் தொடங்குகிறது.

"ஏனுங்ண்ணா, விஸ்கில நல்லதா ஒரு குவார்ட்டர் இருக்குதுங்களா?"

"மீடியம்தான் இருக்குது. வேணுமா?"

முகர்தல், சுழற்றுதல், நாவில் உருட்டல், பின்சுவை என்று மேலைநாட்டார் பிரிக்கும் நான்கு படிகளும் இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிடுகின்றன.

கையில் வந்த 180 மில்லி பாட்டிலின் மேல் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். இந்த அரைகுறை எண்ணை யார் கண்டுபிடித்தார்கள் என்று பாரில் யாரும் கேட்பதில்லை. சரக்கில் வெடிமருந்தை நனைத்துப் பற்றவைத்து வீரியம் பார்த்ததாகச் சொல்லப்படும் காலத்து 'புரூஃப்' கணக்கு அது. 1816-இல் சைக்ஸ் என்பவரின் திரவமானி அந்தக் கணக்குக்குச் சட்ட அந்தஸ்து வாங்கிக் கொடுத்தது. 100 டிகிரி புரூஃப் என்றால் 57.1 சதவீத ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு 42.8. பிரிட்டனே 1980-இல் கைகழுவிவிட்ட கணக்கை நாம் குவார்ட்டரில் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

நிறச் சோதனைக்கு வருவோம். லைட் பாக்ஸில் டி65 விளக்கைப் போட்டால் பகல் வெளிச்சம், டிஎல்84 போட்டால் கடை வெளிச்சம். வெயிலில் ஒரு கலர், டியூப் லைட்டில் ஒரு கலர் காட்டும் துணியை பையர் திருப்பி அனுப்பிவிடுவார். விஸ்கி ரசிகர்களோ பொன்னிறம், அம்பர், மகோகனி என்று உருகுகிறார்கள். ஸ்காட்சிலேயே நிறம் ஒன்றுபோல் இருக்கக் கேரமல் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. சாயப்பட்டறையில் ஒரு வருடம் நின்றவன் பார்த்தவுடன் சொல்லிவிடுவான்: இது டாப்பிங் போட்டது.

உராய்வுச் சோதனையில் வெள்ளைத் துணியால் தேய்த்து, எவ்வளவு சாயம் ஒட்டியது என்று கிரே ஸ்கேலில் 1 முதல் 5 வரை போடுவார்கள். 5 என்றால் ஒட்டவே இல்லை. பானத்துக்கு இதைப் பொருத்தினால், பல்லடம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு வாசம் எவ்வளவு ஒட்டுகிறது என்பதே மதிப்பெண். ஈரச் சோதனை வீட்டு வாசலில் நடக்கும். அதில் 2-க்கு மேல் வாங்கிய சரக்கு எதுவும் இவ்வாய்வாளர் பார்வைக்கு வரவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் நம்மவர்களே முன்னோடிகள். நீர் கலக்கும்போது குவாயகால் என்னும் புகைவாச மூலக்கூறு திரவத்தின் மேற்பரப்புக்கு ஏறி மணம் கூடுகிறது என்று 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணினியில் கணித்துச் சொன்னார்கள். எந்தத் தண்ணீர் என்று அவர்கள் சொல்லவில்லை. பவானித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை டிடிஎஸ் எண்ணோடு சொல்லக்கூடிய குடிமக்கள் இங்கேதான் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஐரோப்பாவுக்குப் போகும் பனியனில் எந்த இழை எத்தனை சதவீதம் என்று லேபிள் தைக்காமல் பெட்டி கட்ட முடியாது. 2011-ஆம் ஆண்டின் 1007-ஆம் எண் ஒழுங்குமுறை அதைக் கட்டாயமாக்குகிறது. அதே ஐரோப்பா, தானியத்தில் வடித்து மரப்பீப்பாயில் மூன்று வருடமாவது கிடந்ததைத்தான் விஸ்கி என்று ஒப்புக்கொள்ளும். நம் குவார்ட்டரில் பெரும்பாலானவை கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்தில் கொஞ்சம் மால்ட்டைக் காட்டியவை. அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு? பகலெல்லாம் '95% காட்டன் 5% எலாஸ்டேன்' என்று லேபிள் தைத்தவர், இரவில் சதவீதம் எழுதாத பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். துணியாக இருந்தால் இன்ஸ்பெக்ஷனிலேயே லாட் ரிஜெக்ட்.

இந்தக் குறைக்கு மருந்து வரும்போல் தெரிகிறது. 2025 ஜூலை 24-இல் கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தின்படி, நம் ஆடைக்கு அங்கே 12 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யம். அவர்கள் விஸ்கிக்கு இங்கே 150 சதவீதமாக இருந்த சுங்கம் 75-க்கு இறங்கி, பத்தாவது வருடம் 40. பனியன் போகிறது, விஸ்கி வருகிறது. சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்திலேயே பாட்டிலில் அடைத்தாக வேண்டும். கலப்பு மால்ட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கிரே துணி மாதிரி மொத்தமாக வந்து இங்கே பினிஷிங் ஆகலாம். சுங்கம் டெல்லியின் கையில், ஆயத்தீர்வை சென்னையின் கையில் என்பதால் கடை விலை எவ்வளவு இறங்கும் என்று கணிக்க இவ்வாய்வு முன்வரவில்லை.

முதல் லாட்டுக்கு முன் அப்ரூவல் சாம்பிள் வரட்டும். ஏற்றுமதி வழக்கப்படி அதற்கு ஒரு கவுண்டர் சாம்பிளைச் சீல் வைத்து, ஷிப்மென்ட் முடியும்வரை பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும். அதை யார் பொறுப்பில் வைப்பது என்பதில்தான் ஆய்வுக் குழுவுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து ஏற்படவில்லை.