கடாரமும் ஹார்ப்சிகார்டும்: வாசிக்கப்படாத ஒரு பாட்டை முன்வைத்துச் சில ஆய்வுகள்

முதலாம் ராஜேந்திரன் 1025இல் கடாரம் கொண்டபோது அங்கே ஹார்ப்சிகார்ட் இருந்ததா என்று வரலாற்றாசிரியர் எவரும் கேட்டதில்லை. அவனது மெய்க்கீர்த்தி யானைகளைச் சொல்கிறது, வித்யாதர தோரணத்தைச் சொல்கிறது. கட்டைகள் வைத்த வாத்தியம் பற்றி மூச்சில்லை. இருக்கவும் வழியில்லை. அக்கருவி பற்றிய முதல் எழுத்துக் குறிப்பு 1397இல், இத்தாலியின் பாதுவா நகரில் கிடைக்கிறது. சோழர் படை 372 ஆண்டு முந்திக்கொண்டது.

இந்தக் குறையைத் தீர்க்கப் புறப்பட்டவர், அந்தக் கடாரமான இன்றைய கெடாவில், சுங்கைப்பட்டாணியில் கல்யாணக் கச்சேரிகளுக்குக் கீபோர்டு வாசிக்கும் ஓர் அண்ணன். எம். நாசிர் இசையமைத்து, 'செர்ச்' ராக் குழு 1989இல் வெளியிட்ட 'இசபெல்லா'வை ஹார்ப்சிகார்டில் வாசிப்பது அவர் திட்டம். நெடுநாளாகவே அது திட்டம்தான். தடைகளை ஆராய ஹார்வர்ட் வரை போனோம். பீடோங் பக்கத்து ஹார்வர்ட் தோட்டம் என்று விரித்துச் சொன்னால் கட்டுரையின் மதிப்பு குறையும்.

முதல் தடை ஈரம். ஜெராய் மலையில் மேகம் இறங்கினாலே மரப்பலகை ஊதிக்கொள்ளும், கம்பிகளின் சுருதி கலையும். தோட்டத்தில் காய்ந்த இடம் என்று இருந்தது ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீடு ஒன்றுதான். அங்கே வைத்தால் கருவி வெந்துவிடும். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகு பல தோட்டங்களில் அந்தப் புகைவீடும் இல்லை.

ஆனால் மூலப்பொருளுக்குக் கவலையில்லை. ஹார்ப்சிகார்டில் சுத்தி கிடையாது. கட்டையை அழுத்தினால் ஒரு சிறு முள் எழும்பிக் கம்பியைச் சுண்டிவிட்டு இறங்கும். அந்த முள்ளை அக்காலத்தில் காக்கை இறகின் தண்டில் செதுக்கினார்கள். காக்கை விஷயத்தில் கெடா தன்னிறைவு பெற்றது. காலையில் பசியாற உட்காரும் எந்தக் காப்பிக்கடை வாசலிலும் ஒரு வாத்தியத்துக்கு வேண்டிய அளவு உண்டு.

இரண்டாம் தடை சத்தம். விரலால் தொட்டாலும் முஷ்டியால் குத்தினாலும் ஹார்ப்சிகார்ட் ஏறத்தாழ ஒரே அளவில்தான் ஒலிக்கும். 'செர்ச்' பாடகர் ஏமி உச்சியில் நின்று இழுக்கும் இடத்தில், கம்பி பாதி வழியிலேயே அடங்கிவிடும். இருந்தும் வெள்ளைக்காரர்கள் துணிந்தார்கள்: யார்ட்பேர்ட்ஸ் குழு 1965இல், ஸ்ட்ராங்க்ளர்ஸ் 1981இல். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் இன்னும் கெட்டிக்காரர். 1965இல் பியானோவைப் பாதி வேகத்தில் பதிந்து, முழு வேகத்தில் ஓடவிட்டு, கருவி இல்லாமலே அந்த ஒலியை வரவழைத்தார்.

இங்கேதான் நம் முக்கியக் கண்டுபிடிப்பு. கீபோர்டு ஒலிகளுக்கு எண் கொடுத்து 1991இல் வகுத்த ஜெனரல் மிடி வரிசையில் ஹார்ப்சிகார்டுக்கு 7ஆம் எண். அதைப் பின்பற்றும் கீபோர்டு எந்த வேனில் ஏறினாலும், ஹார்ப்சிகார்டும் ஏறி லுனாஸ், பாடாங் செராய், கூலிம் என்று எல்லாக் கல்யாணத்துக்கும் போய்வந்திருக்கிறது, மொய் வைக்காத விருந்தாளியாக. காக்கை இறகுக்கு இனி வேலையில்லை. அந்தப் பத்தியை எடுக்க மட்டும் மனம் வரவில்லை.

ஆக, ஈரமும் சத்தமும் தடையே அல்ல. நிகழ்ச்சி நிரல்தான் தடை. பெண் வீட்டாருக்கு இளையராஜா வேண்டும். மாப்பிள்ளையின் கூட்டாளிகளுக்கு உறுமி வேண்டும். உறுமி மண்டபத்துக்குள் நுழைந்தபின் 7 என்ன, 128 ஒலிகளும் ஒன்றுதான்.

ஒருமுறை, பந்திக்கு முன்னால், மைக் சோதிக்கும் சாக்கில் 7ஐ அழுத்தி இரண்டு சுரம் தொட்டிருக்கிறார். உறுமிக்காரத் தம்பி ஓடிவந்தான்.

"அண்ணே, வயர் லூஸா இருக்கு லா!"

பிடுங்கித் துடைத்து, மறுபடி இறுக்கிச் செருகிவிட்டுப் போனான்.