தடைக்காலப் பிள்ளை

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் நிம்மதியாக முட்டையிட்டுப் பெருகட்டும் என்று அரசாங்கம் விடும் லீவு. எங்கள் ஊர் கிளிஞ்சல்மேட்டில் அந்த இரண்டு மாதமும் ஆம்பிளைகள் வீட்டோடு இருப்பார்கள். வலை பழுது பார்ப்பார்கள், படகுக்குப் பெயிண்ட் அடிப்பார்கள், குழம்பில் உப்பு பார்த்துக் குறை சொல்வார்கள். தை, மாசியில் எங்கள் தெருவில் தொட்டில் கட்டும் வீடுகளை எண்ணினால், அந்த லீவில் பெருகியது மீன் மட்டுமல்ல என்று தெரியும். என் இரண்டாவது பிள்ளை அந்தக் கணக்கில் வந்தவள்.

விஷயம் வெளியே வந்தது ஆனி மாதம், காரைக்கால் மாங்கனித் திருவிழாவில். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்து சனங்கள் மாம்பழம் இறைப்பார்கள். அதைப் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை வரம் கிடைக்கும் என்பது நம்பிக்கை. கையை நீட்டாமல் சும்மா நின்ற என் மேல் ஒன்று வந்து விழுந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், சாக்கடை ஓரமாய் உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். மாமியார் என்னைப் பார்த்தார். பிறகு தன் மகனைப் பார்த்தார். "சாமி பழத்தைப் போடுறதுக்குள்ள என்னடா அவசரம்?" என்றார்.

தலைச்சன் வயிற்றில் இருந்தபோது குடம் தூக்க விடவில்லை. அம்மா வீட்டிலிருந்து ஏழு வகைச் சோறு வந்தது, இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் ஏறியது. இந்தத் தடவை ஒன்பதாம் மாதத்தில் இடுப்பில் பெரியவன், கையில் தண்ணிக் குடம். "ரெண்டாவதுக்கு யாரு வளைகாப்பு போடுறா?" என்றார்கள். சரி என்று நானே ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டேன். "என்ன விசேஷம்?" என்று கேட்டார் மாமியார். அம்மாவிடம் முறையிட்டால், "ஒனக்குத் தெரியாததாடி?" என்று போனை வைத்துவிட்டார். அந்த ஒன்பது மாதமும் எல்லோரும் எனக்குச் செய்த சீர் இந்த ஒரு வாக்கியம்தான்.

வலி கண்டது மாசி மகத்தன்று. திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் அன்று திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருள்வார். மீனவர் குலத்துப் பத்மினியைக் கட்டியவர் என்பதால் கடற்கரைச் சனத்துக்கு அவர் மாப்பிள்ளை. (தமிழ்நாட்டு எல்லை தாண்டிப் புதுச்சேரி மண்ணுக்குள் வரும் மற்ற மாப்பிள்ளைகள் எதற்காக வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.) எங்கள் தெருவே அவரை வரவேற்கப் போய்விட்டது. என் வீட்டுக்காரரும் போயிருந்தார். எங்கள் வீட்டு மாப்பிள்ளை அந்த மாப்பிள்ளைக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். போனை எடுக்கவில்லை.

மாமியார் யார் யாருக்கோ போன் போட்டதில், கடைசியில் விஷயம் மைக்செட்காரர் காதுக்குப் போயிருக்கிறது. நீலச் சட்டை போட்ட பையன் ஒருவன் காணவில்லை என்று அறிவித்த கையோடு, "கிளிஞ்சல்மேட்டிலேர்ந்து வந்திருக்கும் இன்னார், உங்க மனைவிக்கு வலி வந்துடுச்சு, எங்கிருந்தாலும் மேடைக்கு வரவும்" என்று அறிவித்துவிட்டார். கடற்கரை முழுக்கக் கேட்டது. இவர் சொன்ன சொல் தட்டாதவர். ஓடியிருக்கிறார், மேடைக்கு.

ஆட்டோ ஒன்று கூட இல்லை. ஐஸ் பெட்டி ஏற்றும் குட்டியானையில் மாமியாரும் பெரியவனும் நானும் போனோம். வழியெல்லாம் மாமியார் வேண்டிக்கொண்டது எனக்காக இல்லை, நட்சத்திரத்துக்காக. "மகத்துப் பெண் ஜகத்தை ஆள்வாள்னு சொல்லுவாங்க. மகம் முடியறதுக்குள்ள பெத்துடு புள்ள."

"எத்தனாவது?" என்று கேட்டார் நர்ஸ்.

"ரெண்டாவது, சிஸ்டர்."

"அப்ப ஒனக்கே தெரியுமே" என்று பக்கத்துக் கட்டிலுக்குப் போய்விட்டார். அங்கே தலைப்பிரசவம். அந்தப் பெண்ணுக்கு மூச்சு எப்படி விடுவது, எப்போது முக்குவது என்று பாடம் நடந்தது. எட்டிக் கேட்டு அதையே நானும் செய்தேன். தலைச்சனுக்குப் பதினாலு மணி நேரம் பட்டவள் நான். இவள் நாற்பது நிமிஷத்தில் வந்துவிட்டாள். ஒருமுறை திறந்த வழி என்பதால் இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் சீக்கிரம் முடியுமாம். பாடம் கேட்ட பெண் திரும்பிப் பார்த்து, "அக்கா, அதுக்குள்ளயா?" என்றாள்.

மாமியாருக்கு மட்டும் நிம்மதி இல்லை. பிறந்த நேரம் வாக்கியப் பஞ்சாங்கப்படி மகம், திருக்கணிதப்படி பூரம். சனிப்பெயர்ச்சிக்கே திருநள்ளாற்றில் வாக்கியப் பஞ்சாங்கம்தான், என் பேத்திக்கு மட்டும் வேறயா என்று சொல்லி வழக்கைத் தீர்த்துக்கொண்டார்.

உண்மையில் யாரும் சொல்லாமல் விட்டது அதற்கப்புறம் வந்த வலி. பிள்ளை பால் குடிக்கத் தொடங்கினாலே அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. இன்னொன்று உள்ளே மிச்சம் இருக்கிறதோ என்று பயந்துபோனேன். ராத்திரி டூட்டி நர்ஸ்தான் விளக்கினார். தலைச்சனுக்குப் பிறகு கர்ப்பப்பை இறுக்கமாகச் சுருங்கிவிடும். அடுத்தடுத்த பிரசவத்தில் தளர்ந்திருப்பதால் விட்டுவிட்டுத்தான் சுருங்கும். பால் கொடுக்கையில் சுரக்கும் ஆக்சிடோசின் அதை இன்னும் முடுக்கும். நான்கைந்து நாளில் அடங்கிவிடும். "ரெண்டாவதுக்குத்தான் இது ஜாஸ்தி. ஒனக்குத் தெரியாதா?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் மட்டும் குறையில்லாமல் வந்தன. அதில் பாதியைப் பெரியவன் தின்றான். ஜகத்தை ஆள வந்தவள் அவனுடைய பழைய சட்டையில், அவனுடைய பழைய தூளியில், எங்கள் எல்லோருடைய தூக்கத்தையும் ஆண்டுகொண்டிருந்தாள்.

அந்த வருஷம் ஏப்ரல் 14, சித்திரை வருஷப்பிறப்பு. பாயசம் வைத்து எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, சாயங்காலமே இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன். ஜூன் 15-ஆம் தேதி எங்கள் படகு கடலுக்குப் போனதை விசாரித்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் திரும்பி வந்தேன்.