குடும்பஸ்தனும் குடுமியான்மலையும்

குடும்பத்தோடு ஊர் சுற்றப் போகிறவன் கைடு வேலை பார்க்கக் கூடாது. சம்பளமும் இல்லை, மரியாதையும் இல்லை. இது நன்றாகத் தெரிந்திருந்தும் புதுக்கோட்டைப் பக்கம் போனால் என் வாய் சும்மா இருப்பதில்லை. திருச்சியில் கிளம்பி நார்த்தாமலை, திருக்கோகர்ணம் மியூசியம், சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், விராலிமலை என்று ஒரு வட்டம் அடித்தால் ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷத்தைத் தொட்டுவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். வழியெல்லாம் மொட்டைப் பாறை, கண்மாய், தைலமரக் காடு. இந்த ரோட்டில் வண்டி ஓட்டிக்கொண்டே சரித்திரம் பேசாமல் வருகிறவர்கள் பெரிய மனக்கட்டுப்பாடு உள்ளவர்கள்.

நார்த்தாமலையில் விஜயாலய சோழீஸ்வரத்துக்குப் பாறை மேல் நடந்துதான் ஏற வேண்டும். கருவறை உள்ளே வட்டமாக இருக்கும் அதிசயத்தை விளக்கி முடித்து, அதோடு நிறுத்தியிருக்கலாம். “இளங்கோவதியரையர் கட்டின கோயில். மழையில் இடிஞ்சு போச்சு. மல்லன் விடுமன்னு ஒருத்தர் புதுப்பிச்சதா கல்வெட்டு சொல்லுது” என்றும் சேர்த்துச் சொன்னேன்.

“ஏங்க, ரிப்பேர் பண்ணினவர் பேரை எல்லாம் கல்லுல வெட்டுவாங்களா?”

“ஆமாம், எவ்வளவு பெரிய காரியம்!”

“நம்ம மொட்டை மாடி மூணு மழையா ஒழுகுது. ஆளைக் கூப்பிடுங்க. உங்க பேரையும் வெட்டிடலாம்.”

மியூசியம் சமஸ்தான காலத்தது, 1910இல் தொடங்கியது. பாடம் பண்ணி வைத்த மிருகங்கள் முன்னால் பையன் நின்றான். மின்விசிறிக்குக் கீழே மாமியார் நின்றார். சிற்பங்களுக்கு முன்னால் நான் மட்டும் பேசிக்கொண்டிருந்தேன்.

சித்தன்னவாசலில் மாமியார் மலையேற மறுத்துவிட்டார். மற்றவர்கள் ஏழடிப்பட்டத்துக்கு ஏறினோம். சமணத் துறவிகள் தங்கிய குகை அது. தரையில் வழவழவென்று தேய்த்த பதினேழு கல்படுக்கைகள். தலைமாட்டில் கல்லையே சற்று மேடாக விட்டுச் செதுக்கிய தலையணைகள். ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்துகூட இருக்கிறது. ஏறி வந்த மூச்சிரைப்பில் எனக்கு அந்தப் படுக்கைகளில் தெரிந்தது துறவு இல்லை, தூக்கம். மனைவி வேறு கணக்குப் போட்டாள். “பதினேழு பேரும் குறட்டை விடாதவங்களா இருந்திருக்கணும். ஒருத்தர் விட்டாலும் மத்த பதினாறு பேரோட தவம் போச்சு.”

கீழே இறங்கி, மாமியாரையும் அழைத்துக்கொண்டு அறிவர் கோயிலுக்குப் போனோம். விதானத்தில் தாமரைக் குளம். சுண்ணப்பூச்சு பல இடங்களில் உதிர்ந்துவிட்டது, மிஞ்சிய இடத்தில் இன்னும் பச்சை இருக்கிறது. இலைகளுக்கு நடுவே மீன், வாத்து, எருமை, யானை. பறித்த தாமரையைத் தண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டு ஒருவன். அவனைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். உள் அறையில் உட்கார்ந்து மெதுவாக ‘ம்’ என்று முனகினால் அறை முழுக்க அதிரும். முனகினேன். சுவரெல்லாம் அதிர்ந்தது. என் குரல் எதிர்ப்பே இல்லாமல் ஒலித்த அறை அது ஒன்றுதான் என்று பூரித்த நேரத்தில், “அம்மா, நடுராத்திரி ஹால்ல கேக்குமே, அதே சத்தம்!” என்றாள் மகள்.

குடுமியான்மலையில் பாறைச் சரிவில் கிரந்த எழுத்தில் வெட்டிய இசைக் கல்வெட்டு இருக்கிறது. சுர எழுத்துகள் வரிவரியாக நிற்கும். அறிஞர்கள் மலைத்து நிற்கும் இடத்தை என் குடும்பம் அரை நிமிஷத்தில் கடந்தது. தலபுராணத்தை மட்டும் நின்று கேட்டார்கள். அர்ச்சகர் சுவாமிக்குரிய பூவைத் தன் காதலிக்குச் சூட்டிவிட்டு, ராஜா வந்ததும் அதையே பிரசாதமாகக் கொடுத்தார். பூவில் ஒரு நீள முடி. சுவாமிக்குக் குடுமி உண்டு என்று அர்ச்சகர் சமாளிக்க, சிவனும் இரங்கி லிங்கத்தில் குடுமியைக் காட்டினார்.

“ஏன் மாப்பிள்ளை, அந்த அர்ச்சகருக்கு வீட்டுல பெண்டாட்டி உண்டா?” என்றார் மாமியார். தலபுராணம் அதைப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

கொடும்பாளூர் மூவர் கோயிலில் பேசாமல் இருக்க முடியாது. பூதி விக்கிரமகேசரி என்ற இருக்குவேளிர் தலைவர் தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு மனைவியர் பெயரிலுமாக மூன்று கோயில் எடுத்தார். இன்று நிற்பவை இரண்டு. வடக்கே உள்ளதற்கு அடித்தளம் மட்டும்தான். நடுவில் ஒன்று, தெற்கே ஒன்று நிற்க, மனைவி வெறும் அடித்தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “நடுவுல இருக்கறது அவரோடதா இருக்கும். இடிஞ்சது யாரோடதுன்னு நீங்க சொல்லவே வேண்டாம்” என்றாள். ஆயிரம் வருஷம் முந்தைய ஒருவருக்காக நான் தலைகுனிந்தேன்.

விராலிமலையில் மயில்கள் அகவின. அங்கே முருகனுக்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கம் உண்டு. வீட்டில் சிகரெட்டுக்குத் தடை இருக்கும் எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் கிடைக்காது.

“பார்த்தியா, சாட்சாத் முருகனுக்கே...”

“அவருக்கும் ரெண்டு பெண்டாட்டி. ஏதோ பிடிச்சுட்டுப் போறார். உங்களுக்கு ஒருத்திதானே, என்ன கவலை?”

“ரெண்டு இருந்தா பிடிக்கலாமா?” என்று கேட்டுவிட்டேன். விராலிமலையிலிருந்து திருச்சி முப்பது கிலோமீட்டர் இருக்கும். காருக்குள் யாரும் பேசவில்லை, நான் உட்பட.