போலீஸ்காரர் மூத்திரமும் பொலிகுதிரையும்

1889 ஜூன் 1, பாரிஸ். உயிரியல் சங்கத்தின் கூட்டத்தில் 72 வயதுப் பெரியவர் ஒருவர் எழுந்து, இப்போதெல்லாம் தனக்கு மூத்திரம் எவ்வளவு தூரம் பாய்கிறது என்று விளக்க ஆரம்பித்தார்.

வேறு யாராவது என்றால் கையைப் பிடித்து உட்கார வைத்திருப்பார்கள். இவர் சார்ல்ஸ் எட்வர்ட் பிரவுன்-செக்கார். மொரீஷியஸில் பிறந்து, உடலியல் மேதை கிளாட் பெர்னாருக்குப் பின் கொலேஜ் த பிரான்ஸில் அவருடைய நாற்காலியையே பிடித்தவர். தண்டுவடம் ஒரு பக்கம் மட்டும் அறுபட்டால் வரும் கோளாறுக்கு இன்றும் இவர் பெயர்தான். தன் உடம்பையே சோதனைச்சாலையாக நினைக்கும் பழக்கமும் உண்டு. 1854இல் மொரீஷியஸில் காலரா பரவியபோது, நோயாளிகள் எடுத்த வாந்தியை விழுங்கிப் பார்த்த மனிதர் அவர். அப்படிப்பட்டவர் பேச எழுந்தால் சபை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விஷயம் இதுதான். நாய், கினிப்பன்றி இவற்றின் விதைகளை நசுக்கி, தண்ணீர் விட்டு, வடிகட்டி, அந்தச் சாற்றைத் தோலுக்கு அடியில் ஊசியாகப் போட்டுக்கொண்டார். சில நாளில் மாடிப்படியில் ஓடி ஏற முடிந்ததாம். மணிக்கணக்கில் நின்றபடி வேலை செய்ய முடிந்ததாம். மலச்சிக்கல் போயே போச்சாம். கைப்பிடியின் வலுவைக் கருவி வைத்து அளந்தார். கடைசியாக அந்தப் பாய்ச்சலையும் அளந்தார். முன்பைவிடக் கால் பங்கு தூரம் அதிகம். டேப்பின் மறுமுனையை யார் பிடித்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த உதவியாளருக்கு ஒரு சிலை வைத்திருக்கலாம்.

பத்திரிகைகள் கொண்டாடின. ஊர் ஊராக டாக்டர்கள் விதைச்சாறு காய்ச்ச ஆரம்பித்தார்கள். அதே ஆண்டு அமெரிக்கப் பேஸ்பால் வீரர் பட் கால்வின் அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இறங்கினார். ஊக்கமருந்து விவகாரங்களுக்கு எல்லாம் பாட்டன் அவர்தான். பாட்டனுக்குப் பேரன்களின் யோகம் இல்லை. போட்டது எல்லாம் வெறும் தண்ணீர். விதை, ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைச் சேர்த்து வைக்கும் குதிர் இல்லை, செய்த கையோடு ரத்தத்தில் விட்டுவிடும். மிச்சம் மீதி இருப்பதும் தண்ணீரில் லேசில் கரையாது. 2002இல் ஆஸ்திரேலியாவில் சிலர் அவருடைய செய்முறைப்படியே சாறு எடுத்துப் பார்த்தார்கள். எறும்புக்குக்கூட மீசை முளைக்காத அளவுதான் அதில் இருந்தது. கிழவர் மாடிப்படி ஏறியது முழுக்க நம்பிக்கையில்.

நம்பிக்கைக்கு என்ன தட்டுப்பாடு? அடுத்த நாற்பது ஆண்டு திருவிழாதான். வியன்னாவில் ஓய்கன் ஷ்டைனாக், விந்துக் குழாயை வெட்டிக் கட்டினால் விதை தன் சக்தியை வெளியே வீணாக்காமல் உள்பக்கம் திருப்பிவிடும் என்றார். 1923இல் 67 வயது சிக்மண்ட் பிராய்ட் அதைச் செய்துகொண்டார். வாயில் வந்த புற்றுநோய் திரும்பாமல் இருக்கும் என்று அவருக்கு ஒரு நப்பாசை. 1934இல் 68 வயதில் கவிஞர் யேட்ஸ் லண்டனில் செய்துகொண்டு, இளமை திரும்பிவிட்டது என்று கடைசிவரை நம்பினார். அந்த ஆபரேஷன் வேறு ஒன்றும் இல்லை. நம்மூர்க் குடும்பக் கட்டுப்பாடு, பல சமயம் அதில் பாதி. நெருக்கடி நிலைக் காலத்தில் வட இந்தியாவில் ஆண்கள் வயற்காட்டுக்குள் ஓடி ஒளிந்தது எதற்குப் பயந்தோ, அதைத்தான் ஐரோப்பாவின் அறிவாளிகள் காசு கொடுத்து, வரிசையில் நின்று வாங்கினார்கள்.

பாரிஸில் செர்ஜ் வோரோனோஃப் குரங்கு விதையைச் சீவல் சீவலாக அரிந்து பணக்காரர்களின் விதைப்பைக்குள் வைத்துத் தைத்தார். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஜான் பிரிங்க்லி ஆட்டுக்கடா விதை வைத்தார். குரங்குக்குப் பணக்காரன், கடாவுக்கு விவசாயி என்று வர்க்கபேதம் சரியாகவே வேலை செய்தது. பிரிங்க்லி விலைக்கு வாங்கிய பட்டம், சொந்த ரேடியோ நிலையம் இரண்டையும் வைத்து நடத்திய தர்பார் தனிப் புத்தகத்துக்கு உரியது. 1930இல் லைசென்ஸைப் பிடுங்கியதும் ஆள் ஆளுநர் தேர்தலில் நின்றார், கிட்டத்தட்ட ஜெயித்தும் விட்டார். பின்னிரவு டிவியில் நம் வைத்தியர்கள் விரலை நீட்டி எச்சரிப்பதெல்லாம் அதன் முன்னால் எல்.கே.ஜி.

இத்தனை கூத்துக்கும் முன்னால், 1849இலேயே, கோட்டிங்கன் ஊரில் பெர்தோல்ட் என்பவர் ஆறு சேவலை வைத்து நேர்மையாக ஒரு வேலை செய்திருந்தார். காயடித்த சேவலுக்குக் கொண்டை சுருங்கியது, கூவல் போனது, பெட்டைகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்த விதையை வயிற்றுக்குள் எங்கேயோ ஒட்டவைத்தார். கொண்டை சிவந்தது, கூவியது, சண்டைக்கும் போனது. நரம்பு வழியாக இல்லை, ரத்தத்தில் கலந்து ஏதோ ஒன்று போகிறது என்று நாலு பக்கத்தில் எழுதி முடித்தார். ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. சேவல் கூவியதாக எழுதாமல், தானே கூவியதாக எழுதியிருந்தால் பாரிஸ் வரை கேட்டிருக்கும்.

அந்த 'ஏதோ ஒன்றை'ப் பிடிக்க, அதே கோட்டிங்கனில் 1931இல் வேதியியலாளர் அடோல்ஃப் பூட்டனான்ட் இறங்கினார். மூலப்பொருள் 15,000 லிட்டர் மூத்திரம், அதுவும் பெர்லின் போலீஸ்காரர்களுடையது. ஆண்மை வேண்டும் என்றால் சட்டம் ஒழுங்கிலிருந்து எடுப்பதுதானே முறை! உண்மைக் காரணம் இன்னும் எளிது: பாரக்ஸில் ஒரே இடத்தில் அத்தனை ஆண்கள் வரிசையாக நின்று பெய்கிறார்கள், பீப்பாயை வைத்தால் போதும். அந்த 15,000 லிட்டரையும் காய்ச்சி வடித்ததில் கிடைத்தது ஆண்ட்ரோஸ்டிரோன் 15 மில்லிகிராம். ஒரு சிட்டிகைகூடத் தேறாது.

1935இல் ஆம்ஸ்டர்டாமில் எர்ன்ஸ்ட் லாக்கர் குழு நூறு கிலோ காளை விதையிலிருந்து 10 மில்லிகிராம் எடுத்து, டெஸ்டோஸ்டிரோன் என்று பெயர் சூட்டியது. அந்தக் குழுவிலும் ஒரு பிராய்ட் இருந்தார். பயப்பட வேண்டாம், இவர் வேறு பிராய்ட். அதே ஆண்டு ஆகஸ்டில் பூட்டனான்ட் ஒரு பக்கம், ருஷிச்கா என்ற இன்னொரு வேதியியலாளர் இன்னொரு பக்கம், கொலஸ்டிராலிலிருந்தே அதைச் செய்துகாட்டினார்கள். 1939இல் இருவருக்கும் சேர்த்து நோபல். பூட்டனான்ட் வாங்கக் கூடாது என்று ஹிட்லர் அரசு தடுத்துவிட்டது.

இனிமேல் ஆண்மை சுத்தமான வெள்ளைப் படிகம், பாட்டிலில் அடைத்து லேபிள் ஒட்டலாம், கதை சுபம். அப்படித்தான் நினைத்தார்கள்.

படத்தைக் கெடுத்தது ஒரு குதிரை. பெர்ன்ஹார்ட் சோண்டெக் பெர்லினில் மகப்பேறு மருத்துவர். எலியை வைத்துக் கர்ப்பத்தைக் கண்டறியும் சோதனையை ஆஷ்ஹைம் என்ற சகாவுடன் சேர்ந்து உருவாக்கியவர். யூதர் என்பதற்காக 1933இல் நாஜிகள் வேலையை விட்டுத் துரத்த, ஸ்டாக்ஹோமுக்குப் போனார். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் யாரிடம் அதிகம் என்று வகைவகையான மூத்திரத்தைத் தேடியவர் கடைசியில் பொலிகுதிரையிடம் போய் நின்றார். பிடரி சிலிர்க்க, குளம்பால் தரையைக் கீறிக்கொண்டு, லாயத்தையே அதிர வைக்கும் அந்த ஆண்சிங்கத்தின் மூத்திரத்தில் பெண் ஹார்மோன் ஆறாக ஓடியது. காயடித்த குதிரையில் அது இல்லை. ஆக வந்த இடம் விதைதான். பார்த்ததிலேயே ஈஸ்ட்ரோஜன் மிகுந்த உறுப்பு பொலிகுதிரையின் விதை என்று 1934இல் நேச்சர் இதழில் எழுதினார். இது என்ன முரண்பாடு என்று அவரே தலையைச் சொறிந்தார்.

(உடனே அர்த்தநாரீஸ்வரரை இழுக்கப் போகிறீர்கள், தெரியும். வேண்டாம். திருச்செங்கோட்டு மலைமேல் அவர் நிம்மதியாக இருக்கிறார்.)

1937இல் அடுத்த அடி, அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே. ஷ்டைனாக்கே, அப்போது 76 வயது, குன் என்ற சகாவுடன் சேர்ந்து ஆண்களுக்கு இந்தப் புத்தம்புது டெஸ்டோஸ்டிரோனை ஊசி போட்டு அவர்கள் மூத்திரத்தைச் சோதித்தார். பெண் ஹார்மோன் ஏறியிருந்தது. ஊசியில் போனது ஆண், வெளியே வந்தது பெண். உடம்புக்குள் யாரோ மாற்றிவிடுகிறார்கள் என்று லான்செட்டில் அச்சானது. வாழ்நாள் முழுக்க ஆணும் பெண்ணும் எதிரெதிர்ச் சுரப்பிகள், ஒன்றை ஒன்று அடக்கும் என்று சாதித்த மனிதர் அவர். எழுதும்போது முகம் எப்படி இருந்திருக்கும்!

மாற்றுவது யார் என்று தெரிய இன்னும் இருபது ஆண்டு ஆனது. அரோமட்டேஸ் என்ற நொதி. டெஸ்டோஸ்டிரோனிலிருந்து ஒரு கரியணுவைக் கழற்றி, முதல் வளையத்தைத் திருத்திவிட்டால் ஈஸ்ட்ரோஜன் வகையான ஈஸ்ட்ரடையால் தயார். ஆணின் ஈஸ்ட்ரடையாலில் சுமார் ஐந்தில் நாலு பங்கு விதைக்கு வெளியே, கொழுப்பிலும் மற்ற திசுக்களிலும் இப்படித்தான் உருவாகிறது. ரேஷனில் அரிசி கூட வந்தால் மாவு மில்லில் அரைபடுவதும் கூடும். தொப்பை பெரிதானால் மில்லுக்கு ஒரு மோட்டார் சேர்ந்த மாதிரி. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று மொத்தமாக டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஏற்றிக்கொள்கிறவருக்குச் சில சமயம் மார்க்காம்பு கூசுவதும், மார்பு திரள்வதும், முகம் உப்புவதும் இதனால்தான்.

1995இல் அமெரிக்காவில் அனஸ்டிரசோல் மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக, அரோமட்டேஸின் கையைக் கட்டிப்போடும் மருந்து. வந்த கொஞ்ச காலத்தில் ஜிம் ஆசாமிகள் மோப்பம் பிடித்துவிட்டார்கள். டெஸ்டோஸ்டிரோன் சிகிச்சையில் இருந்த நடுத்தர வயது ஆண்களும் பின்னாலேயே போனார்கள். வீரத்தை வளர்க்க ஊசி, ஊசி வளர்த்ததை அழிக்க மார்பகப் புற்றுநோய் மாத்திரை. ஈஸ்ட்ரோஜனே இல்லாத ஆண் என்ற கனவைப் பிரவுன்-செக்கார்கூடக் கண்டதில்லை.

அப்படி ஓர் ஆண் எப்படி இருப்பான் என்று அதற்குமுன்பே, 1994இல், நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அச்சாகியிருந்தது. சின்சினாட்டி மருத்துவர்களிடம் 28 வயது இளைஞர் ஒருவர் வந்தார். முழங்கால்கள் உள்பக்கம் வளைந்து இடித்துக்கொள்கின்றன என்பது குறை. உயரம் 204 செ.மீ., இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தார். டெஸ்டோஸ்டிரோன் சரியாக இருந்தது. ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜனும் ஏராளம். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிதான் பழுது. உடம்பைப் பொறுத்தவரை ஈஸ்ட்ரோஜன் என்று ஒன்று இல்லவே இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்புக்கு வயது 15. நுனிகள் மூடவே இல்லை. அடர்த்தியோ கிழவர்களின் எலும்பு மாதிரி. பிள்ளைகளின் உயரத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பது தாடி மீசைச் சமாச்சாரம் என்று நம்பிய பாடப்புத்தகங்களுக்கு அன்றோடு ஒரு பக்கம் கிழிந்தது. மூன்று ஆண்டு கழித்து இத்தாலியில் அரோமட்டேஸே இல்லாமல் பிறந்த ஒருவருக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தார்கள், எலும்பு அசையவில்லை. ஈஸ்ட்ரடையால் கொடுத்தார்கள், நுனி மூடி, எலும்பு கெட்டிப்பட்டது.

சரி, எலும்பு கிடக்கட்டும், 'அந்த விஷயம்' டெஸ்டோஸ்டிரோன்தானே என்பீர்கள். 2013இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் ஃபிங்கல்ஸ்டீன் குழு 20 முதல் 50 வயது வரை 400 ஆண்களைப் பிடித்து, மருந்தால் அவர்களின் சொந்த உற்பத்தியை மூடிவிட்டு, வெவ்வேறு அளவில் டெஸ்டோஸ்டிரோன் ஜெல் தடவி 16 வாரம் பார்த்தது. பாதிப்பேருக்குக் கூடவே அனஸ்டிரசோல். தசையும் வலுவும் டெஸ்டோஸ்டிரோன் கணக்கில் வந்தன. கொழுப்பு ஏறியதற்கு முக்கியக் காரணம் ஈஸ்ட்ரோஜன் இல்லாததுதான். ஆசை? அதற்கு இரண்டும் வேண்டியிருந்தது. மாத்திரை போட்டவர்களுக்கு ஜெல் தடவியும் ஆசை மங்கியது. ஜிம்முக்குப் போய், ஊசி போட்டு, மாத்திரை விழுங்கி, கடைசியில் கட்டிலில் குறட்டை.

விவரம் தெரிந்த மருத்துவர்கள் இப்போது செய்வது படு சாதாரணம். மார்க்காம்பு கூசினால் முதலில் டெஸ்டோஸ்டிரோன் டோஸைக் குறைப்பார்கள். இரண்டு வார ஊசியைப் பிரித்து வாரா வாரம் சிறுசிறு அளவாகக் கொடுப்பார்கள், இல்லை ஜெல்லுக்கு மாற்றுவார்கள். தொப்பையைக் குறை என்பார்கள். இதற்கு மட்டும் பேஷன்ட்டின் காது கேட்காது. அரோமட்டேஸ் தடுப்பு மாத்திரை கடைசிப் பெஞ்ச். அதை அதிகம் விழுங்கினால் மூட்டு வலிக்கும், எலும்பு இளைக்கும். ஓராண்டு அனஸ்டிரசோல் சாப்பிட்ட வயதான ஆண்களுக்கு முதுகெலும்பின் அடர்த்தி குறைந்ததை 2009இலேயே அளந்துவிட்டார்கள். அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் 2018 வழிகாட்டி, சிகிச்சை தொடங்குமுன் மார்பில் தொந்தரவு சொல்கிறவர்களுக்குத்தான் ஈஸ்ட்ரடையால் அளக்கச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் நம் ஜிம் ஆசாமி தாண்டிவிடுவார். மாதாமாதம் லேபில் கையை நீட்டி, ஈஸ்ட்ரடையால் 48 என்று வந்தால் நடுங்கி அரை மாத்திரை, 31 என்று வந்தால் பார்ட்டி. ஆணுக்கு வழக்கமான ஈஸ்ட்ரடையால் மில்லிலிட்டருக்கு 10 முதல் 40 பிகோகிராம் வரை. இத்தனை பொடி அளவில் சாதாரண லேபின் சோதனை தடுமாறும், ஏனென்றால் அது பெண்களின் பெரிய எண்களுக்காகச் செய்தது. துல்லியமாக வேண்டுமானால் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி, அதற்கு விலை கூட. ஆகவே அவருடைய 48ம் 31ம் ஒரே ரத்தமாகவே இருந்திருக்கலாம்.