அறையில் வேறு எவரும் இருக்கக் கூடாது

இணையவழிப் பரீட்சைக்கு விதிகள் உண்டு: தனியறை வேண்டும், கமெரா அணையக் கூடாது, பின்னால் ஒருவரும் நடமாடக் கூடாது. பதுளைத் தோட்டமொன்றின் லயக் காம்பிராவில் உட்கார்ந்து இதை வாசித்துப் பாருங்கள். அப்பாயி, அப்பா, தம்பி, அரிசிச் சாக்கு எல்லோரும் வெளியேறினால்தான் கெம்பஸ் பிள்ளை 'தனியாக' இருக்க முடியும். சுவருக்கு அந்தப்புறம் பாடும் பக்கத்துக் காம்பிரா ரேடியோவுக்கு யார் விதி சொல்வது?

அடுத்தது சிக்னல். 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் மலையேறி, சுமார் 30 அடி உயர மரவீட்டிலிருந்து பாடம் படித்தார்கள். வெளிநாட்டுச் செய்திகளிலும் படம் வந்தது. விடாமுயற்சி என்று மெச்சினோம், மெச்சுவதற்குச் செலவில்லை.

பிறகு கரண்ட். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேர மின்வெட்டு. பரீட்சை நடத்தும் மூடில் மென்பொருளின் கடிகாரத்துக்கு அதெல்லாம் தெரியாது. நேரம் முடிந்தால் எழுதியமட்டும் தானே அனுப்பிவிடும். தோட்டத்தில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் பிந்தினால் கங்காணியிடமாவது ஒரு காரணம் சொல்லிப் பார்க்கலாம்.

மென்பொருளைக் குறை சொல்லவில்லை. திருத்தும் பாரம் குறைகிறது, பெறுபேறு சீக்கிரம் வருகிறது, கொப்பியடித்தது பிடிபடுகிறது. பதுளைக்கு 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகமே வந்துவிட்டது. மேட்டு லயங்களுக்கு நாலு கோடு சிக்னல் வருவதுதான் பெரும்பாடு.

ஆகவே பெரியவர்களே, முதலில் சிக்னல் கோபுரத்துக்கும் கரண்டுக்கும் ஒரு பரீட்சை வையுங்கள். அவை சித்தியடைந்த பிறகு பிள்ளைகளுக்குப் புள்ளி போடலாம்.