அதிகாலை எழுதலில் எழுப்புநரின் இடம்: ஒரு முன்னோட்ட ஆய்வு

நீண்ட நாள் நோயின்றி வாழ ஒருவர் காலையில் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் எழுத்துகள் எல்லாம் ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன: அவர் எழுந்துவிட்டார். எழுந்தவர் வெறும் வயிற்றில் வெந்நீர் குடிப்பதா, வெந்தயம் ஊறிய நீர் குடிப்பதா, நல்லெண்ணெய் கொப்பளித்துவிட்டுக் குடிப்பதா, குடித்துவிட்டுக் கொப்பளிப்பதா என்பதில் அறிஞரிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு. அவர் எப்படி எழுந்தார் என்ற வினாவை மட்டும் எவரும் எழுப்பவில்லை. அந்தக் குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

கருதுகோள் இது: எங்கெல்லாம் ஒருவர் தவறாமல் அதிகாலையில் எழுகிறாரோ, அங்கெல்லாம் அவருக்கு முன்பே எழுந்துவிட்ட இன்னொருவர் இருக்கிறார். முதலாமவரை எழுநர் என்றும் இரண்டாமவரை எழுப்புநர் என்றும் குறிப்போம். எழுநர் நூல்களில் இடம்பெறுவார். எழுப்புநர் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பார்.

முன்னோடி நூல்களைப் பார்த்துவிடுவது ஆய்வு மரபு. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார், விடியலுக்கு முன்பே துயில் நீங்கி, அன்று செய்ய வேண்டிய அறத்தையும் ஈட்ட வேண்டிய பொருளையும் எண்ணிப் பார்க்கச் சொல்கிறார். ஔவையும் ஆத்திசூடியில் அதிகாலைக்கே ஓட்டுப் போடுகிறார். இருவரும் விதியைச் சொன்னார்களே தவிர நடைமுறைச் சிக்கலைத் தொடவில்லை. அதைத் தொட்டவர் ஆண்டாள் ஒருவரே. திருப்பாவையின் முப்பது பாசுரங்களில் ஆறாவது தொடங்கிப் பதினைந்தாவது முடியப் பத்தும் தூங்கும் தோழியரை எழுப்புவதிலேயே கழிகின்றன. அதன்பின் வாயிற்காவலன், நந்தகோபன், யசோதை, நப்பின்னை என்று வரிசையாக எழுப்பி, கண்ணன் கண் திறந்து எழுந்து வரும்படி வேண்டுவதற்குள் 23ஆம் பாசுரம் வந்துவிடுகிறது. கூப்பிட்டதும் எழாமல் புரண்டு படுக்கும் வழக்கம் கைப்பேசி அலாரத்தோடு வந்தது என்று நினைப்பவர்கள் இந்தத் தரவைக் கணக்கில் கொள்ள வேண்டும். இத்தனை பேரை எழுப்பிய ஆண்டாளை எழுப்பியது யார் என்பது உரையாசிரியர்கள் இனிமேல்தான் எடுத்துக்கொள்ள வேண்டிய பொருள்.

ஐரோப்பியத் தரவுகளில் முதன்மையானது தத்துவ ஞானி இமானுவேல் கான்ட்டின் வாழ்க்கை. 1724இல் கோனிக்ஸ்பர்க்கில் பிறந்து 1804இல் அங்கேயே மறைந்தவர். மெலிந்த உடம்பையும் ஒடுங்கிய மார்பையும் வைத்துக்கொண்டு 80ஐ நெருங்கினார். அதற்குத் தம் ஒழுங்குமுறையே காரணம் என்று நம்பினார். காலை ஐந்து மணிக்கு எழுவார், தேநீர் குடிப்பார், ஒரு முறை புகை பிடிப்பார், பிறகு பாடத்துக்குத் தயாராவார். இந்த ஐந்து மணி எப்படி வாய்த்தது? மார்ட்டின் லாம்பே என்ற பணியாளர், முன்னாள் படைவீரர், குளிரானாலும் கோடையானாலும் ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அறைக்குள் வந்து நேரமாகிவிட்டதென்று அறிவிப்பார். இன்னும் கொஞ்ச நேரம் என்று ஐயா கெஞ்சினாலும் விடக்கூடாது என்பது ஐயாவே போட்டு வைத்த உத்தரவு. விருந்தினர் முன்னிலையில் லாம்பேயைக் கூப்பிட்டு, இத்தனை ஆண்டுகளில் தம்மை இரண்டாம் முறை எழுப்ப நேர்ந்ததுண்டா என்று கேட்டு, இல்லை என்று பதில் வாங்குவதில் ஞானிக்கு அலாதி மகிழ்ச்சி. முதல் முறை எழுப்ப நேர்ந்ததைப் பற்றி விருந்தினர் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

லாம்பேயின் குடி மிஞ்சிப்போய், 1802இல் கான்ட் அவரை வேலையை விட்டு அனுப்பினார். லாம்பே என்ற பெயரையே முற்றிலும் மறந்துவிட வேண்டும் என்று தமக்குத் தாமே குறிப்பும் எழுதி வைத்துக்கொண்டார். (எழுதி வைத்துக்கொண்டு மறப்பது எப்படி என்பதைத் தத்துவத் துறையினர் பார்த்துக்கொள்வார்கள்.) இரண்டே ஆண்டில் கான்ட் காலமானார். எழுப்புநரை நீக்கியதற்கும் ஆயுள் முடிந்ததற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்ததற்கும் பெரியப்பா 90 வயது வாழ்ந்ததற்கும் என்ன தொடர்போ, அதே தொடர்புதான்.

எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. டெகார்ட் என்ற பிரெஞ்சு அறிஞர் நண்பகல்வரை படுக்கையில் கிடந்தே சிந்தித்து வந்தவர். 1649இல் சுவீடன் அரசி கிறிஸ்டினா அவரை ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் பாடம் சொல்லச் சொன்னார். நேரம் காலை ஐந்து மணி. சுவீடன் குளிரில் அந்தப் புதிய காலை ஒழுங்கைக் கைக்கொண்ட டெகார்ட் 1650 பிப்ரவரியில் நிமோனியா கண்டு 53 வயதில் இறந்தார். மறுபக்கம், காலை முழுவதும் படுக்கையில் சாய்ந்தபடியே கோப்பு பார்த்த சர்ச்சில் 90 வயது இருந்தார். இவற்றை வைத்து அதிகாலையே ஆபத்து என்று முடிவு கட்டுவது அவசரம். லாம்பே எஜமானுக்குக் கட்டுப்பட்ட எழுப்புநர். கிறிஸ்டினாவோ முடி சூடிய எழுப்புநர். எழுநரைவிட எழுப்புநருக்கு அதிகாரம் கூடுமானால் எழுதலின் பயன் குறையும் என்று துணைக் கருதுகோள் ஒன்றை இங்கே முன்வைக்கலாம். மாமியார் வீட்டில் முதல் மாதத்தைக் கழித்த எவருக்கும் இது புதிய செய்தியாக இராது.

எழுப்புதலையே தொழிலாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். பிரிட்டனின் ஆலை நகரங்களில் நீண்ட கழியால் மாடிச் சன்னலைத் தட்டித் தொழிலாளரை வேலைக்கு எழுப்பி, வாரக் கூலி வாங்கினார்கள். கிழக்கு லண்டனில் மேரி ஸ்மித் என்ற அம்மையார் கழிக்குப் பதில் ஊதுகுழலில் காய்ந்த பட்டாணியை வைத்துச் சன்னல் கண்ணாடியில் ஊதினார்; வாரத்துக்கு ஆறு பென்ஸ். எழுப்புகிறவரை எழுப்புகிறவர் யார், அவரை எழுப்புகிறவர் யார் என்று நாக்கைச் சுழற்றும் விளையாட்டுப் பாட்டே அங்கே வழங்கியது. நம் ஆய்வின் மையச் சிக்கலை அந்நாட்டார் பாட்டாகப் பாடிவிட்டுப் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். நாம் தொடர்வோம்.

களப்பணி நகரப் பூங்காக்களில் நடந்தது. வேட்டியும் விளையாட்டுக் காலணியும் அணிந்தவர்கள், ஒரு சுற்றுக்கு ஒரு அரசியல் கட்சியைக் கவிழ்ப்பவர்கள், வட்டமாக நின்று ஆணையின்பேரில் சிரிப்பவர்கள், பத்தாயிரம் அடி கணக்கு முடியாமல் வாசலுக்கும் பெஞ்சுக்கும் இடையே அலைபவர்கள் எனப் பலதரப்பட்டவரும் தகவலாளராக அமைந்தனர். (பத்தாயிரம் என்பது மருத்துவர் வகுத்த கணக்கன்று. 1965இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் விற்ற அடியெண்ணும் கருவியின் பெயர் அது. மூத்த பெண்களை வைத்து 2019இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் 7,500 அடியோடு பயன் நின்றுவிட்டது. இதை அலைபவர்களிடம் சொன்னபோது நல்ல வரவேற்பு இல்லை.) ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவருடன் நடந்த நேர்காணல் முழுமையாகத் தரப்படுகிறது.

"எத்தனை மணிக்கு சார் எழுந்திருப்பீங்க?"

"கரெக்டா நாலே முக்கால். அலாரமெல்லாம் கிடையாது, தானா முழிப்பு வந்துரும். எல்லாம் பழக்கந்தான்."

"அதெப்படி சார், தினமும் அதே நேரத்துக்கு?"

"வீட்ல கிச்சன் லைட்டப் போட்டுருவாங்க."

இந்த விடை வேறு வேறு சொற்களில் திரும்பத் திரும்பக் கிடைத்தது. முந்திய இரவே வெந்தயம் ஊறிவிடுகிறது. கொள்ளு ஊறிவிடுகிறது. பாதாம் எண்ணி ஊறி, தோலும் உரிந்துவிடுகிறது. ஊறவைத்தவர் யார் என்று கேட்டால் "அதெல்லாம் இருக்கும்" என்கிறார்கள். இந்திய அரசின் 2019ஆம் ஆண்டுக் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஆண்களில் ஈடுபட்டோர் 26 விழுக்காடு. மற்றவர்கள் இருக்கும் இடம் இவ்வாய்வாளருக்குத் தெரியும், சுற்றுப்பாதையில்தான். நடை முடிந்து வியர்வையோடு வீடு திரும்புகிறவர், எழுந்தது முதல் குனிந்து நிமிர்ந்து கோலம் போட்டு, மாவு கரைத்து, மொட்டைமாடிக்கு இருமுறை ஏறி இறங்கிய வீட்டம்மாவிடம், "நீயும் கொஞ்சம் எக்சர்சைஸ் பண்ணலாமே" என்கிறார். இதற்கு வந்த பதில்கள் ஆய்வேட்டில் இடம்பெறத் தக்கவையல்ல.

எழுப்புநர் வரிசை அடுப்படியோடு முடிவதுமில்லை. அடுப்படி விளக்கு எரிவதற்கு முன்பே வாசல் பையில் பால் பாக்கெட் விழுந்துவிட்டது. அதைப் போட்டவருக்கு முன்னால், முகவர் கடை வாசலில் வண்டி வந்து பால் டப்புகளை இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. நடைபாதையில் ஒரு கூட்டம் உட்கார்ந்து நாளிதழுக்குள் இணைப்பிதழைச் சொருகிக்கொண்டிருக்கிறது. உடல்நலப் பக்கம் அந்த இணைப்பிதழில்தான் இருக்கிறது. இவர்களெல்லாம் டீ குடிக்க வேண்டுமென்பதால் டீக்கடையில் பாய்லர் இன்னும் முன்னதாகவே பற்றவைக்கப்பட்டுவிட்டது. பூங்கா வாசலில் அருகம்புல் சாறும் வாழைத்தண்டுச் சாறும் விற்பவர் அவற்றை எப்போது அலசி, எப்போது அரைத்தார் என்று யோசித்தால் நமக்கே கொட்டாவி வரும். நீண்ட ஆயுளை டம்ளர் டம்ளராக ஊற்றிக் கொடுக்கும் அவர் கையில் இருந்தது டீ.

இவர்கள் நெடுநாள் வாழ்வார்களா? அறிவியல் இங்கே இரண்டு பக்கமும் பேசுகிறது. 1953இல் ஜெர்மி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பேருந்துகளை ஆராய்ந்தார். நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்கிய நடத்துநருக்கு, உட்கார்ந்தே இருந்த ஓட்டுநரைவிட மாரடைப்பு குறைவு என்று கண்டார். அந்தக் கணக்கில், லிஃப்டில் ஏறக்கூடாதென்று குடியிருப்போர் சங்கத்தில் தடை போட்டதால் நாலு மாடியும் படியேறிப் பால் போடும் பையன் கொடுத்துவைத்தவன். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இல் இரவுப்பணியை அநேகமாகப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2019இலும் அதையே உறுதி செய்தது. படியேறி வரவு வைத்த ஆயுளைத் தூக்கம் கெட்டுப் பற்று எழுதுகிறார்கள். மீதி இருந்தால் அவர்களுடையது.

யாரும் எழுப்பாமல் எழுந்த உயிர் ஒன்றுகூட இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. 1729இல் தெ மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டறையில் அடைத்து வைத்தார். சூரியனையே காணாத அந்தச் செடி பகல் வந்ததும் இலைகளை விரித்தது, இரவில் மூடிக்கொண்டது. உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் உண்டு என்ற துறைக்கு அது வித்தாகி, பழ ஈக்களில் அந்தக் கடிகாரத்தின் மரபணுவை ஆராய்ந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. எழுநராகவே இருந்து எழுப்புநர் தேவைப்படாத ஒரே சான்று என்ற முறையில் இச்செடி நம் கருதுகோளுக்கு நெருக்கடி தருகிறது. அது வெந்தயம் கேட்பதில்லை, சத்துமாவுக் கஞ்சி கேட்பதில்லை, எழுந்ததை நாலு பேரிடம் சொல்வதும் இல்லை என்பதால் இதை விதிவிலக்காகக் கொள்கிறோம். ஆனால் அந்த இருட்டறைச் செடிக்குத் தினமும் தண்ணீர் ஊற்றியவர் யார் என்பது விசாரிக்கத் தக்கது.

ஆய்வு எல்லை குறித்து ஒரு சொல். வார நாட்கள் மட்டுமே எடுத்துக்கொள்ளப்பட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் எழுநர், எழுப்புநர் ஆகிய இரு வகையினரும் கறிக்கடை வரிசையில் கலந்து நிற்பதால் தரவுகளைப் பிரிக்க முடியவில்லை. அன்று யார் முன்னால் வந்தார் என்பதில் தகராறும் ஏற்பட்டது. அது தனி ஆய்வேட்டுக்கு உரியது. நிதி நல்குவோர் கால் கிலோ ஈரலோடு தொடர்புகொள்ளலாம்.