சிகாகோ போகிறவர்

இல்லினாய் மாநிலத்தின் நட்டநடுவில் ப்ளூமிங்டன் என்றோர் ஊர். சுற்றிலும் சோளமும் சோயாவும். நடுவே ஸ்டேட் ஃபார்ம் காப்பீட்டு நிறுவனத்தின் தலைமையகம். அதன் கணினிகளோடு மல்லுக்கட்ட வந்த தமிழ்க் குடும்பங்கள் அங்கே கணிசம். அவர்களில் ஒருவர்தான் நம் ஆள். "இன்னும் ரெண்டே வருஷம், அப்புறம் ஊருக்குக் கிளம்பிடுவோம்" என்பார். வந்து எவ்வளவு காலமாச்சு என்று கேட்டால், மகள் எந்த வகுப்பு என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

ரெண்டு வருஷக் கணக்கை வீட்டின் சாமான்களிலேயே பார்க்கலாம். சோபா, ஊர் திரும்பிய ஆந்திரக்காரரிடம் வாங்கியது. டிவி, அது வந்த அட்டைப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பாவம், முழுப் பழியும் அவர்மேல் இல்லை. கிரீன் கார்டில் ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 7 சதவீதம்தான் என்று அமெரிக்கச் சட்டம் கோடு போட்டிருப்பதால், இந்தியர் வரிசை பத்து வருஷத்துக்கு மேலும் நகராமல் நிற்கிறது. போவதா இருப்பதா என்று அமெரிக்க அரசே சொல்லாதபோது இவர் எப்படிச் சொல்வார்?

ஆனால் மளிகை வாங்கச் சிகாகோ போவதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. உள்ளூரிலும் இந்தியக் கடை உண்டு. "அங்கே முருங்கைக்காய் விறகு மாதிரி இருக்கும்" என்று ஒதுக்கிவிடுவார். பயணச் செய்தி வாட்ஸ்அப் குழுவில் கசிந்ததும், "சிகாகோ போறீங்களாமே, அப்படியே..." என்று ஆரம்பிக்கும். இந்த 'அப்படியே'வில் ஒருவருக்கு 20 பவுண்டு இட்லி அரிசி, ஒருவருக்கு மோர் மிளகாய், இன்னொருவருக்கு மிக்ஸி ஜாரின் ரப்பர் வளையம். சலித்துக்கொள்வது போலக் காட்டுவார். யாரும் கேட்காவிட்டால் அன்றைக்கு அவருக்குத் தூக்கம் வராது.

காலை ஆறுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு, கிளம்புவது ஒன்பதுக்கு. அரிசி வாங்கப் போகிற வழியில் சாப்பிடப் புளியோதரை கட்ட வேண்டாமா? ஆறு மாத விசாவில் நாகர்கோவிலிலிருந்து வந்திருக்கும் மாமனாரும் மாமியாரும் பின்சீட்டில். 55-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறியதும் மாமியார், "இவ்வளவு சோளம் போட்டிருக்கானே மாப்பிள்ளை, வயல்ல ஒரு மனுஷனையும் காணோமே" என்பார். காற்றாலைகள் வரும்போது மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்கு நம்ம முப்பந்தல் தேவலாம்" என்பார். வழியில் வேறு எதற்கும் அவர் வாய் திறந்ததில்லை.

போலிங்புரூக் அருகே ஐக்கியாவின் நீலக் கட்டடம் தெரியும். "ஏங்க, ஒரு சாப்பாட்டு மேசை..." என்று வீட்டம்மா தொடங்கும்போதே வண்டி வேகம் பிடிக்கும். "நாம என்ன இங்கேயே இருக்கப் போறோமா?" அடுத்த சில மைலில் லெமான்ட் கோவில். குன்றின்மேல் ராமர் ஒரு பக்கம், சிவன் ஒரு பக்கம். 1893-இல் சிகாகோவில் பேசிய விவேகானந்தருக்குச் சிலையும் உண்டு. சாமிக்குப் பத்து நிமிஷம், தோசைக்கு முக்கால் மணி நேரம்.

புறநகரான நேப்பர்வில்லிலேயே பெரிய கடை இருக்கிறது, பார்க்கிங்கும் தாராளம். அது அவருக்குக் கணக்கிலேயே வராது. இந்தியக் கடைத்தெருவான டெவான் அவென்யூவில் நான்கு சுற்றுச் சுற்றி இடம் பிடித்தால்தான் சிகாகோ போனதாக அர்த்தம். சிகாகோ நகராட்சி 2008-இல் தன் பார்க்கிங் மீட்டர்களை 75 ஆண்டுக்குத் தனியாருக்குக் குத்தகை விட்டதைப் பற்றி அங்கே ஒரு சொற்பொழிவு நடக்கும். அதே தெருவில் கொஞ்ச தூரத்துக்குக் காந்தி பெயர், கொஞ்ச தூரத்துக்கு ஜின்னா பெயர். மாமனார் பிரிவினையைப் பற்றிப் பேச ஆரம்பிக்க, கண்ணெதிரே ஒரு காலியிடம் கைநழுவும்.

படேல் சகோதரர்கள் 1974-இல் கடை தொடங்கிய தெரு இது. கடைக்குள் போனதும் குடும்பம் சிதறிவிடும். அவர் பொன்னி மூட்டையைத் தட்டித் தட்டிப் பார்ப்பார், ஏதோ பதில் வரும்போல. மாமியார் வெண்டைக்காய் நுனியை ஒடித்துக்கொண்டே போவார். மகள் உறைந்த பரோட்டா பக்கம் நிற்பாள். மாமனார் கறிவேப்பிலைப் பாக்கெட்டைக் கையில் எடுத்து, "கொசுறாப் போடுறதுக்கு விலையா?" என்று அதிர்வார். அந்த இலையோடு வரும் ஒரு பூச்சி ஆரஞ்சு மரங்களுக்கு நோய் பரப்பும், அதனால் ஏகப்பட்ட கட்டுப்பாடு என்று மாப்பிள்ளை விளக்குவார். "அப்போ ஆரஞ்சைத் தாளிச்சுக்கச் சொல்லு" என்று பாக்கெட்டைக் கீழே வைப்பார். மாமியார் அதை எடுத்துக் கூடையில் போடுவார்.

இந்த முறை வீட்டம்மா மட்டும் ஓரிடத்தில் அசையாமல் நின்றார். கோயம்புத்தூர் கிரைண்டர். ஊரிலேயே செய்து, அமெரிக்காவுக்கென்றே மோட்டார் மாற்றியது. நம்மவர் அதைச் சாய்த்து அடிப்பக்கம் படித்தார். "110 வோல்ட். இது நம்ம ஊர்ல ஓடாது."

"மாவு இங்கதானே அரைக்கணும்?"

"ரெண்டு வருஷத்துக்கு எதுக்கு..."

மாமியார் வெண்டைக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வாங்குங்க மாப்பிள்ளை. வரும்போது யார்கிட்டயாவது தள்ளிட்டு வந்துருங்க. சோபா குடுத்தாரே, அவரை மாதிரி."

பில் போட்டாயிற்று. எல்லாருடைய 'அப்படியே'க்களையும் அடுக்கியபின் கிரைண்டருக்கு இடமில்லை. அது மாமனார் இருக்கையில் ஏற, மாமனார் இட்லி அரிசிமேல் கால் வைத்து ஒடுங்கினார். திரும்பும் வழியில் போலிங்புரூக் நெருங்கியது. "ஏங்க, இதை எங்க வைக்கிறது? தரையில வெச்சு ஓட்ட முடியுமா?" என்றார் வீட்டம்மா.

நம்மவர் ஒரு மைல் யோசித்தார். பிறகு வலது பக்க இண்டிகேட்டரைப் போட்டார். "கழட்டி மாட்டுற மேசையாப் பாரு. கிளம்பும்போது எடுத்துட்டுப் போயிடலாம்."